முடக்குவாதத்தில் மனச்சோர்வு: மூட்டு மருத்துவரிடம் சொல்லலாமா?

வணக்கம். மூட்டு வீக்கம் வடிந்து, இரத்தப் பரிசோதனையும் சீராக வந்த பிறகும் எதிலும் ஈடுபாடு வரவில்லை, இதைப் போய் மூட்டு மருத்துவரிடம் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லலாம் என்ன, சொல்லியே ஆக வேண்டும். முடக்குவாதம் உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. வலியும் தூக்கக் கேடும் மட்டுமன்றி, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 போன்ற புரதங்களும் மனநிலையைப் பாதிக்கக்கூடும் என்பதால், இதை மனவலிமைக் குறைவு என்று எடுத்துக்கொள்ள இடமில்லை.

நோயின் தீவிரத்தைக் கணக்கிடும் டிஏஎஸ்28 மதிப்பெண்ணில், அமுக்கினால் வலிக்கும் மூட்டுகளின் எண்ணிக்கையோடு, உடல்நிலை எப்படி இருக்கிறது என்று நீங்களே ஒரு கோட்டில் குறித்துத் தரும் அளவும் சேர்கிறது. மனம் சோர்ந்திருக்கையில் இவ்விரண்டும் உயர்ந்து, அழற்சி அடங்கியிருக்கும்போதே மருந்தைக் கூட்டும்படி ஆகலாம். ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோன் எடுத்துக்கொள்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அதுவும் தூக்கத்தையும் மனநிலையையும் குலைக்கக்கூடியதே, ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கடந்த 2 வாரங்களைப் பற்றிய 9 கேள்விகள் கொண்ட, மனச்சோர்வை அளவிடும் பிஎச்க்யூ-9 படிவத்தை அடுத்த சந்திப்பில் கேட்டு வாங்கி நிரப்புங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால், சந்திப்பு நாளுக்குக் காத்திராமல் உடனே மருத்துவ உதவியை நாடுங்கள்.