ரூட்டர் பாதியில் சிக்கி நிற்கிறதா? எண்ணெய் டப்பாவைத் தள்ளி வையுங்கள்

கேள்வி: என் பிளஞ்ச் ரூட்டரை (மோட்டாரை அழுத்திக் கீழே இறக்கி மரத்தில் பள்ளம் வெட்டும் மெஷின்) அழுத்தினால் பாதியில் சிக்கி நிற்கிறது, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் தடாலென்று இறங்கிவிடுகிறது. லாக்கை விட்டாலும் முழுதாக மேலே எழும்புவதில்லை. இரண்டு முறை மெஷின் எண்ணெய் விட்டேன். சில நாள் நன்றாக இருந்தது, இப்போது முன்பைவிட மோசம். என்ன செய்யலாம்?

பதில்: வில்லன் அந்த எண்ணெய்தான். ரூட்டர் கிளப்பும் தூள் மாவு மாதிரி இருக்கும், ஈரமான எதைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும். எண்ணெயோடு கலந்து பசையாகி, மோட்டார் ஏறி இறங்கும் தூணுக்கும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷுக்கும் (தூண் வழுக்கிச் செல்லும் வளையம்) நடுவில் இருக்கும் மிகச் சிறிய இடைவெளியை அடைத்துவிடுகிறது. மரத்தின் பிசினும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், மரத்தை வெட்டும் பிட்டையும் கழற்றிவிடுங்கள். பிறகு ஒரு சின்னச் சோதனை: இரண்டு கைப்பிடிகளையும் சமமாக அழுத்திப் பாருங்கள், அப்புறம் ஒவ்வொன்றாக. பழைய மேசை டிராயரை ஒரு ஓரமாகப் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு சிக்குமே, அதே கதைதான் இங்கேயும். பல மாடல்களில் லாக் இருக்கும் பக்கத்துத் தூண்தான் இறுக்கமாக வழிநடத்தும், மற்றது துணைக்கு நிற்பது, அதனால் லாக் பக்கம் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலே வழுக்கிக்கொண்டு இறங்கும். இதிலேயே சரியாகிவிட்டால் குறை மெஷினில் இல்லை, பிடிக்கும் கையில்.

இல்லையென்றால் சுத்தம் செய்யத்தான் வேண்டும். தூண்களில் ரப்பர் உறை இருந்தால் நீக்கிவிட்டு, ஒரு துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடையுங்கள், மோட்டார் பக்கம் ஒரு சொட்டும் போகக் கூடாது. தின்னர் வேண்டாம், புஷ் பிளாஸ்டிக்காக இருந்தால் கெட்டுவிடலாம். மெல்லிய துரு இருந்தால் நைலான் ஸ்க்ரப்பரால் மேலும் கீழுமாக லேசாகத் தேய்த்தால் போதும். இரும்பு நாரைத் தொடவே தொடாதீர்கள், உதிரும் இழைகள் காற்றோடு மோட்டாருக்குள் போனால் ஷார்ட் ஆக வாய்ப்பு உண்டு. துடைப்பதும் பத்துப் பதினைந்து தடவை ஏற்றி இறக்குவதுமாக மாற்றி மாற்றிச் செய்யுங்கள், ஒவ்வொரு முறையும் உள்ளேயிருந்து கறுப்பாக அழுக்கு வரும், துணி வெள்ளையாகவே திரும்பும்வரை விடாதீர்கள். பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி எண்ணெய் டப்பாவைத் தேடுவார்கள்.

நன்றாகக் காய்ந்த பிறகு கெட்டி மெழுகை மெல்லியதாகப் பூசி, சற்று நேரம் விட்டுத் துடைத்தெடுங்கள். டெஃப்லான் கலந்த உலர் ஸ்ப்ரேயும் நல்லதுதான். ஆனால் சிலிக்கோன் இருக்கும் எதுவும் வேண்டாம். கை வழியாக மரத்தில் பட்டால் பிறகு அடிக்கும் வார்னிஷ் அந்த இடத்தில் ஒட்டாமல் குழிகுழியாக விலகி நிற்கும்.

இவ்வளவு செய்தும் இறுக்கமா? லாக் முழுதாக விடுகிறதா என்று பாருங்கள். லீவரைத் திறந்த பிறகும் அதன் முனை தூணை உரசிக்கொண்டே இருப்பது உண்டு. பெரும்பாலும் லீவரைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினால் சரியாகிவிடும். தூண்கள் அடித்தட்டில் திருகுகளால் பொருத்தப்பட்ட மாடல் என்றால் இன்னொரு வழி இருக்கிறது: திருகுகளை அரைச் சுற்று தளர்த்தி, மோட்டாரை முழுக்கக் கீழே இறக்கி லாக் போட்டு, அப்படியே மறுபடி முடுக்குங்கள். தூண்கள் தாமாகவே நேர்க்கோட்டுக்கு வந்துவிடும்.

ஸ்பிரிங்கை வெளியே எடுப்பதாக இருந்தால் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மூடியைக் கையால் அமுக்கிப் பிடித்தபடி மெதுவாகத் திறவுங்கள். அழுந்திக் கிடப்பது, விட்டால் முகத்தை நோக்கித்தான் பாயும். எடுத்துவிட்டு வெறும் தூணில் ஏற்றி இறக்கினால் சிக்கல் எங்கே என்று கைக்கே தெரியும். எப்போதும் ஒரே இடத்தில் மட்டும் பிடித்தால், மெஷின் என்றாவது கீழே விழுந்ததா என்று யோசியுங்கள். தூண் வளைந்திருந்தால் தட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள், மாற்றத்தான் வேண்டும்.

சரியான பிறகு, ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் பிரஷ்ஷால் தூணைத் தட்டிவிட்டு, லாக்கைத் திறந்து மோட்டார் மேலே நிற்கும்படி வையுங்கள். அமுக்கி லாக் போட்டபடி மாதக்கணக்கில் பெட்டிக்குள் போட்டு வைப்பது ஸ்பிரிங்குக்கு நல்லதில்லை.