மலிவான 433 மெகாஹேர்ட்ஸ் ட்ரான்ஸ்மிட்டர் மொடியூலை நம்பி ரிமோட் செய்யலாமா?

கேட்டவரின் நிலைமை இது: கொழும்பு வெள்ளவத்தையில் நாலு மாடிக் கட்டடம். கீழே சம்ப் (நிலத்தடித் தொட்டி), மேலே தாங்கி. நாலாம் மாடியில் இருந்தபடி கீழே உள்ள தண்ணீர் மோட்டரைப் போடவும் நிறுத்தவும் ஒரு ரிமோட் வேண்டும். சரிவந்தால் அதே ரிமோட்டால் கேற்றையும் திறக்க ஆசை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய எஃப்எஸ்1000ஏ ட்ரான்ஸ்மிட்டரும் அதோடு வந்த ரிசீவரும் கையில் இருக்கின்றன. மேசையில் வேலை செய்கிறது, ஒரு மாடி இறங்கினால் செத்துப்போகிறது. ட்ரான்ஸ்மிட்டர் மட்டமான சாமானா என்று கேட்கிறார்.

மோட்டருக்குப் பாவியுங்கள், கேற்றுக்கு வேண்டாம். அப்புறம், ட்ரான்ஸ்மிட்டர் மீது பழி போடாதீர்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தச் சோடியில் உருப்படியான பாதி அதுதான்.

அந்தச் சின்னப் பலகையில் வட்டமான உலோக மூடி ஒன்று தெரியும். அது சோ (SAW) ரெசொனேட்டர். அலைவரிசையை 433.92 மெகாஹேர்ட்ஸில் பிடித்து வைப்பது அதுதான், வெயிலுக்கும் மழைக்கும் பெரிதாக அசையாது. ஒரு ட்ரான்சிஸ்டர் அலையை உண்டாக்குகிறது, இன்னொன்று டேட்டா பின்னைப் பார்த்து அதைத் திறந்து மூடுகிறது. டேட்டா உயர்ந்தால் அலை உண்டு, தாழ்ந்தால் இல்லை. அவ்வளவுதான் முழுச் சுற்றும். (DATA என்ற சொல்லை அந்தப் பலகையில் எழுத்துகளைத் திருப்பி ATAD என்று அச்சடித்திருப்பார்கள். குழம்ப வேண்டாம், அதே பின்தான்.) டேட்டா தாழ்ந்திருக்கும்போது கரண்ட் ஏறக்குறைய எடுக்காது என்பதால் பற்றரி ரிமோட்டுக்கு நல்ல பொருத்தம். 3.5 வோல்ட்டில் தொடங்கி 12 வோல்ட் வரை கொடுக்கலாம், வோல்ட் கூடக்கூட வீச்சும் கூடும். கார், கேற் ரிமோட்டுகளில் போடும் 12 வோல்ட் 27ஏ பற்றரியே போதும். டேட்டாவைக் கொடுக்கும் மைக்ரோகொன்ட்ரோலர் (சின்னக் கணினிச் சிப்) 5 வோல்ட்டில் ஓடினாலும் பிரச்சினை இல்லை, டேட்டா பின் ஒரு ட்ரான்சிஸ்டரின் பேஸுக்குத்தான் போகிறது.

சிக்கல் ரிசீவரில். சோடியாக வரும் அந்தப் பச்சைப் பலகை சுப்பர் ரீஜெனரேட்டிவ் வகை. அமெரிக்க வானொலிப் பொறியியலாளர் ஆர்ம்ஸ்ட்ரோங் 1922இல் கொண்டுவந்த முறை அது. ஒரே ட்ரான்சிஸ்டரை தானாக அலை எழுப்பத் தொடங்கும் விளிம்பில் நிறுத்தி, விட்டுவிட்டு அடக்கி, அதன் மூலம் பெருக்கத்தை எடுப்பது. மலிவு என்று பார்த்தால் கெட்டித்தனமான வேலைதான். ஆனால் அதன் காது மிக அகலம். 433.92ஐ மட்டும் கேட்காமல் அக்கம்பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றையும் கேட்கும். இசைவைத் தீர்மானிப்பது ஒரு செப்புச் சுருள். வெப்பம் மாறினால் அது நகரும், தெரியாமல் யாராவது ஸ்குரூடிரைவர் வைத்துத் திருகினால் சொல்லவே வேண்டாம். இதற்கு மேல், சிக்னல் இல்லாத நேரத்திலும் டேட்டா பின் சும்மா இருக்காது, காற்றில் உள்ள இரைச்சலைத் துடிப்புகளாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பின்னில் நேரடியாக ரிலேயைத் தொடுத்தவர்கள் “தானாக ஒன் ஆகுது, ஓஃப் ஆகுது” என்று முறையிடுவது இதனால்தான்.

ஆகவே காசை ரிசீவரில் போடுங்கள். தனக்குரிய அலைவரிசையை மட்டும் பிரித்துக் கேட்கும் சுப்பர்ஹெட்டரோடைன் வகை ஒன்றை வாங்குங்கள்: ஆர்எக்ஸ்பி6 அல்லது எஸ்ஆர்எக்ஸ்882. பலகையில் ஒரு கிரிஸ்டல் இருந்தால் அந்த வகை என்று அடையாளம் காணலாம். பழைய எஃப்எஸ்1000ஏயை மாற்றவே தேவையில்லை, அதோடு அப்படியே பேசும். விலை வித்தியாசம் பெரிதல்ல, வீச்சில் வித்தியாசம் இரவும் பகலும். கடையில் கேட்கும்போது “ரிசீவர் மட்டும் தனியாக” என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் பழக்கதோஷத்தில் அதே சோடியைத்தான் எடுத்து வைப்பார்கள்.

அடுத்தது அன்ரெனா. அது இல்லாமல் ஓட்டுவதால்தான் அரைவாசிப் பேருக்கு ஒரு மாடி தாண்டுவதில்லை. 300ஐ 433.92ஆல் வகுத்து அதில் கால்வாசி எடுத்தால் 17.3 சென்ரிமீற்றர் வரும். அந்த நீளத்தில் ஒரு நேர்க் கம்பியை இரண்டு பக்கமும் வையுங்கள். கூட வரும் ஸ்பிரிங் சுருள் கையடக்க ரிமோட்டுக்குச் சரி, கீழே ரிசீவருக்கு நேர்க் கம்பிதான். உங்கள் கட்டடத்தில் நாலு கொங்கிரீட் தட்டு, ஒவ்வொன்றிலும் இரும்புக் கம்பி. அலை அதற்குள்ளால் நேரே இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், மாடிப்படி வழியாகவும் பல்கனி வழியாக வெளிப்பக்கமாகவும்தான் வரும். எனவே ரிசீவரை மோட்டரின் தகரப் பெட்டிக்குள் பூட்டினால் எல்லாம் வீண். ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, படியோரம் பார்த்த சுவரில் மாட்டுங்கள். இன்னொன்று: மெரைன் டிரைவ் பக்கம் வீடென்றால் கடல் உப்பு பின்களையும் ஈயப்பற்றையும் சீக்கிரம் தின்றுவிடும். பின் ஹெடரில் செருகாமல் நேரடியாகப் பற்றி, மேலே வார்னிஷ் ஒரு பூச்சு பூசிவிடுங்கள்.

கோடு (கட்டளையை அனுப்பும் குறியீடு) விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அர்டுயினோ என்ற மைக்ரோகொன்ட்ரோலர் பலகையின் சீரியல் பின்னை நேரே ட்ரான்ஸ்மிட்டரில் கொடுக்காதீர்கள். ரிசீவர் சிக்னலின் சராசரியை வைத்துத்தான் ஒன்றா பூச்சியமா என்று முடிவு செய்யும். நீளத்துக்கு ஒரே பிற் வந்தால் அந்தச் சராசரி இழுபட்டுப் போய்விடும். அர்டுயினோவில் பாவிக்கும் ரேடியோஹெட் என்ற புரோகிராம் லைப்ரரி இதற்காகவே ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் மாறிமாறி 36 பிற் அனுப்பி ரிசீவரைத் தயார்படுத்துகிறது, கடைசியில் பிழைச் சரிபார்ப்பும் வைக்கிறது. மைக்ரோகொன்ட்ரோலரே வேண்டாம் என்றால் பிடி2262 (அனுப்பும் பக்கம்), பிடி2272 (வாங்கும் பக்கம்) சிப் சோடி இன்னும் இலகு. முகவரிப் பின்கள் எட்டையும் பிளஸ், கிரவுண்ட், தொடுக்காமல் விடுதல் என்ற மூன்று நிலைகளில் வைக்கலாம், 6561 முகவரிகள் கிடைக்கும். ஒரே கோடு அடுத்தடுத்து இரண்டு தடவை பொருந்தினால்தான் 2272 அசையும், இரைச்சலுக்கு ஏமாறாது. ஒஸிலேட்டர் ரெசிஸ்டர்கள் மட்டும் பொருந்த வேண்டும்: 2262இல் 4.7 மெகாஓம் என்றால் 2272இல் 820 கிலோஓம்.

இனி மோட்டர். இந்த ரிமோட் ஒருவழிப் பாதை. நீங்கள் அனுப்பியது கீழே போய்ச் சேர்ந்ததா என்று உங்களுக்குத் தெரியவே வராது. அதனால் ஒரே பட்டனை அமுக்க ஒன், மறுபடி அமுக்க ஓஃப் என்று வைக்காதீர்கள். ஒரு செய்தி தவறினால் எல்லாம் தலைகீழ். ஒன்னுக்கு ஒரு பட்டன், ஓஃபுக்கு ஒரு பட்டன். அதையும் முழுதாக நம்பாமல், கீழே ஒரு டைமர் தானாக நிறுத்தட்டும். மேல் தாங்கியின் மிதவைச் சுவிட்சும் சம்பின் மிதவைச் சுவிட்சும் வயரிலேயே இருக்கட்டும், ரேடியோ அதற்குள் தலையிடக் கூடாது. சின்ன நீல ரிலேயில் 10 அம்பியர் என்று எழுதியிருப்பதை நம்பி மோட்டரைத் தொடுக்க வேண்டாம், தொடக்க இழுப்பில் கொன்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். ரிலே ஒரு கொன்டாக்டரை (மோட்டருக்கான பெரிய மின்காந்தச் சுவிட்ச்) இழுக்கட்டும், கொன்டாக்டர் மோட்டரைப் பார்த்துக்கொள்ளும். கொன்டாக்டரின் சுருளுக்குக் குறுக்கே ஒரு ஸ்னபர் (ரெசிஸ்டரும் கப்பாசிட்டரும் சேர்ந்த துண்டு) போட்டால் நிறுத்தும்போது வரும் பொறி ரிசீவரைக் குழப்பாது. மலிவு ஃபோன் சார்ஜரும் இரைச்சல்காரன்தான், ரிசீவரின் பின்னிலேயே ஒரு கப்பாசிட்டர் வையுங்கள். 230 வோல்ட் வயரிங் எல்லாம் எலக்ட்ரீசியன் கையால் நடக்கட்டும்.

மோட்டர் ஓடுகிறதா என்று மேலே ஒரு லைற் காட்ட வேண்டும் என்றால் இந்த மொடியூல் உதவாது. இரண்டு பக்கமும் பேசும் எச்.சி-12 (HC-12) போன்ற ஒன்றுக்குப் போங்கள். அதன் சனல்கள் 433.4 தொடங்கி 473 மெகாஹேர்ட்ஸ் வரை நீள்கின்றன, மேல் சனல்களைத் தொட வேண்டாம். 433 எங்கும் யாருக்கும் பொதுச் சொத்து என்று பலர் நினைக்கிறார்கள். 433.05 முதல் 434.79 வரையான அந்த ஐஎஸ்எம் (தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கான) ஒதுக்கீடு, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பிரித்த வலயங்களில் ஐரோப்பாவும் ஆபிரிக்காவும் அடங்கும் முதலாம் வலயத்துக்குரியது. இலங்கை மூன்றாம் வலயம். இங்கே செல்லுபடியாவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதி, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மைக்ரோகொன்ட்ரோலர் டேட்டாவை உயர்த்தியபடி தொங்கிப்போனால் ட்ரான்ஸ்மிட்டர் ஓயாமல் கத்தும், அயலவர்களின் கேற்றும் கார்ச் சாவியும் ஊமையாகும், காரணம் யாருக்கும் புரியாது. டேட்டா பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓம் ஒன்று போட்டு, மைக்ரோகொன்ட்ரோலரின் புரோகிராமில், தொங்கினால் தானாக மீளத் தொடக்கும் வொச்டோக்கையும் ஓட விடுங்கள்.

கேற்றுக்கு ஏன் வேண்டாம் என்றால், மேலே சொன்ன கோடுகள் எல்லாம் நிலையானவை. நீங்கள் அமுக்கும்போது தெருவில் நிற்கும் ஒருவர், நீங்கள் வைத்திருக்கும் அதே மலிவு ரிசீவரால் அதைப் பதிந்து, அதே மலிவு ட்ரான்ஸ்மிட்டரால் திருப்பி அனுப்பலாம். முகவரி 6561 என்றாலும், ஈவி1527 சிப்பில் உள்ளதுபோல் பத்து லட்சத்துக்கு மேல் என்றாலும் இதற்குப் பயனில்லை, பதிந்தவர் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. ஒவ்வொரு அமுக்கலுக்கும் கோடு மாறும் எச்.சி.எஸ்301 (HCS301) போன்ற கீலொக் சிப்புகள் இந்தத் திருட்டைப் பெரும்பாலும் தடுக்கும். அதையும் 2008இல் ஜெர்மனியின் போக்கும் (Bochum) நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள், ஆனால் தெருவில் போகிறவர் செய்யக்கூடிய காரியமல்ல அது. கேற் மோட்டரோடு வரும் ரோலிங் கோட் ரிமோட்டையே வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் மாற்று ரிமோட் வாங்கும்போது, பழையதை வைத்து அப்படியே கொப்பி அடித்துத் தருகிறோம் என்று சொன்னால் உங்கள் கேற் பெரும்பாலும் நிலையான கோட்டில்தான் ஓடுகிறது என்று அர்த்தம். அப்போது மாற்ற வேண்டியது உள்ளே இருக்கும் ரிசீவர் பலகையையும் சேர்த்து.