மருத்துவ ஆய்வில் சேரலாமா? நிணநீர்ப் புற்றுநோய் குறித்த வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல, லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் பிற ரத்தப் புற்றுநோய்களுக்கும் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பற்றிக் கேட்கின்றன. ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறோம், பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம். ரத்தப் புற்றுநோய் மருத்துவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 66. 'டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்போமா' என்ற, வேகமாக வளரும் நிணநீர்ப் புற்றுநோய் வகை என்று பயாப்ஸியில் தெரியவந்திருக்கிறது. வழக்கமான சிகிச்சையையும் புதிய மருந்து சேர்ந்த சிகிச்சையையும் ஒப்பிடும் ஓர் ஆய்வில் அவர் சேரலாம் என்கிறார் மருத்துவர். எந்தப் பிரிவு என்பதைக் கணினிதான் முடிவு செய்யுமாம். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் இப்படிக் குலுக்கல் போடலாமா? வெறும் போலி மருந்தைக் கொடுத்துவிட மாட்டார்களா?

பதில்: தங்கள் தயக்கம் நியாயமானது. முதலில் போலி மருந்து பற்றிய அச்சத்தைத் தீர்த்துவிடுகிறேன். குணப்படுத்தக்கூடிய சிகிச்சை ஏற்கெனவே இருக்கும் நோயில் அதை நிறுத்திவிட்டுப் போலி மருந்தை மட்டும் தருவதை ஆய்வு நெறிமுறைக் குழுக்கள் ஏற்பதில்லை. உலக மருத்துவச் சங்கம் 1964-இல் ஹெல்சிங்கியில் ஏற்றுக்கொண்டு பின்னர் பலமுறை திருத்திய பிரகடனமும், புதிய சிகிச்சையை இருப்பதிலேயே சிறந்த சிகிச்சையோடு ஒப்பிட வேண்டும் என்பதையே பொது விதியாகக் கொண்டிருக்கிறது. இத்தகைய ஆய்வுகளில் போலி மருந்து இடம்பெற்றாலும் இரு பிரிவினருக்கும் அடிப்படைச் சிகிச்சை கிடைக்கும். புதிய மருந்து யாருக்குப் போகிறது என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் இருப்பதற்காகவே அது சேர்க்கப்படுகிறது.

கணினித் தேர்வு ஏன் என்பதற்குத் தங்கள் தந்தையின் நோயே நல்ல சான்று. சைக்ளோபாஸ்பமைடு, டாக்ஸோரூபிசின், வின்கிரிஸ்டின், பிரெட்னிசோன் ஆகிய நான்கும் சேர்ந்த 'சாப்' என்ற கூட்டுச் சிகிச்சை 1970-களில் வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் இன்னும் பல மருந்துகளை அடுக்கிய, இன்னும் கடுமையான கூட்டுகள் உருவாயின. ஒவ்வொன்றையும் உருவாக்கிய மருத்துவமனைகள் தத்தம் நோயாளிகளிடம் கண்ட பலன், 'சாப்' தந்ததைவிட வெகுவாக மேலோங்கித் தெரிந்தது. அமெரிக்காவின் ஆய்வுக் குழுக்கள் 899 நோயாளிகளை நான்கு பிரிவுகளாகக் குலுக்கல் முறையில் பிரித்து 'சாப்' சிகிச்சையை மூன்று புதிய கூட்டுகளோடு ஒப்பிட்டன. 1993-இல் வெளிவந்த முடிவில், மூன்றாண்டுகளுக்குப் பின் உயிரோடு இருந்தவர்களின் விகிதம் நான்கு பிரிவுகளிலும் ஏறத்தாழ 50 சதவீதமாகவே இருந்தது. சிகிச்சையின் நச்சுத்தன்மையால் இறந்தவர்கள் மட்டும் 'சாப்' பிரிவில் 1 சதவீதம், மிகக் கடுமையான பிரிவில் 6 சதவீதம். முந்தைய ஆய்வுகளில் மேலோங்கித் தெரிந்த பலனுக்குப் பெரும் காரணம், ஒப்பீட்டளவில் இளையவர்களும் உடல் வலுவுள்ளவர்களும் அவற்றில் சேர்ந்திருந்ததே. குலுக்கல் இல்லாமல் போயிருந்தால், கூடுதல் பயன் ஏதுமற்ற, கூடுதல் ஆபத்துள்ள சிகிச்சையே உலகெங்கும் வழக்கமாகியிருக்கும். இந்த முடிவை எங்கள் துறையில் ஒவ்வொரு மாணவரும் படித்தாக வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வதுண்டு.

அதே முறைதான் உண்மையான முன்னேற்றத்தையும் அடையாளம் காட்டியது. 60 முதல் 80 வயது வரையிலான 399 பேரிடம் 'சாப்' மட்டும், 'சாப்' உடன் புற்றுச் செல்களைக் குறிவைக்கும் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தும் என்று ஒப்பிட்ட பிரெஞ்சு-பெல்ஜிய ஆய்வு 2002-இல் வெளிவந்தது. இரண்டாண்டுகளில் உயிரோடு இருந்தவர்கள் முறையே 57 சதவீதம், 70 சதவீதம். தங்கள் தந்தைக்கு இன்று 'வழக்கமான சிகிச்சை' என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த 'ஆர்-சாப்' ஆகத்தான் இருக்கும். அன்று குலுக்கலுக்கு ஒப்புக்கொண்ட அந்த 399 முதியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று நான் மனமார நம்புகிறேன்.

ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று நிதானமாகப் படியுங்கள். வழக்கமான சிகிச்சையில் இல்லாத எந்தெந்தப் பரிசோதனைகள் கூடுதலாகச் செய்யப்படும், பக்க விளைவு ஏற்பட்டால் செலவு யாருடையது, நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் அழைக்க வேண்டிய எண் எது, ஆய்வு முடிந்த பின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்ற விவரங்களைத் தேடிப் பார்த்து, தெளிவில்லாத இடத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு போய்க் கேளுங்கள். எந்தக் கட்டத்திலும் காரணம் சொல்லாமலே விலகும் உரிமை தங்கள் தந்தைக்கு உண்டு. விலகினாலும் வழக்கமான சிகிச்சை மறுக்கப்படக் கூடாது. கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் முடிவெடுத்துவிட்டுப் பெற்றோரிடம் நோயின் பெயரைக்கூடச் சொல்லாமல் இருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன். அந்த நிலையில் பெறப்படும் ஒப்புதல் ஒப்புதலே அல்ல.

கேள்வி: எனக்கு 24 வயது. முற்றிய நிலையில் ஹாட்ஜ்கின் லிம்போமா. பிளியோமைசின் உள்ளிட்ட நான்கு மருந்துகள் சேர்ந்த ஏ.பி.வி.டி. சிகிச்சையின் இரண்டு சுழற்சிக்குப் பின் எடுத்த பெட் ஸ்கேன் நன்றாக இருப்பதால், இனி பிளியோமைசின் தேவையில்லை என்று நிறுத்திவிட்டார்கள். மருந்தைக் குறைத்தால் நோய் திரும்பிவிடாதா?

பதில்: இந்தக் கேள்விக்காகவே நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஸ்கேனில் நெறிக்கட்டிகள் எவ்வளவு ஒளிர்கின்றன என்பதைக் கல்லீரலின் ஒளிர்வோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுவார்கள். கல்லீரலின் அளவைத் தாண்டாதவரை, அதாவது 3 வரை, பொதுவாக நல்ல பலனாகக் கொள்ளப்படும். முற்றிய நிலை நோயாளிகள் 1,200-க்கும் மேற்பட்டோர் பங்கேற்று 2016-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், இரண்டு சுழற்சிக்குப் பின் இப்படி நல்ல பலன் கண்டவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நான்கு மருந்துகளையும் மறு பிரிவுக்குப் பிளியோமைசின் நீங்கலான மூன்றையும் தந்தார்கள். மூன்றாண்டுகளில் நோய் திரும்பாமலும் வளராமலும் இருந்தவர்கள் முறையே 85.7, 84.4 சதவீதம், உயிரோடு இருந்தவர்கள் இரு பிரிவிலும் 97 சதவீதத்துக்கு மேல். மிகக் கறாராகச் சொன்னால், மருந்தைக் குறைத்த சிகிச்சை பலனில் 'குறைந்ததல்ல' என்று நிறுவ முன்கூட்டியே வகுத்திருந்த புள்ளியியல் எல்லையை முடிவு மயிரிழையில் தவறவிட்டது. ஆனால் பிளியோமைசின் நுரையீரலைப் பாதிக்கும் மருந்து. அதை நிறுத்தியவர்களுக்கு அந்தப் பாதிப்பு குறைந்தது. 24 வயதில் தங்கள் நுரையீரல் இன்னும் பல பத்தாண்டுகள் உழைக்க வேண்டும். தங்கள் மருத்துவரின் முடிவு சரியானதே. மூச்சிரைப்போ வறட்டு இருமலோ புதிதாக வந்தால் மட்டும் அடுத்த தவணை வரை காத்திருக்காமல் உடனே தெரிவியுங்கள்.

கேள்வி: ரத்தப் புற்றுநோய் என்று என் உறவினருக்குத் தினமும் மாத்திரை மட்டும் தருகிறார்கள். என் மனைவிக்கும் ரத்தப் புற்றுநோய்தான். அவருக்கு ஏன் கீமோதெரபி?

பதில்: இரண்டும் வேறு வேறு நோய்களாக இருக்கும். உறவினருக்கு இருப்பது அநேகமாக நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய். அதில் 9, 22 ஆகிய குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் பிறக்கும் ஒரே ஒரு பிழையான புரதம்தான் நோயை இயக்குகிறது. அந்தப் புரதத்தைத் தடுக்கும் இமாடினிப் 1998-இல் மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கப்பட்டு 2001-இல் ஒப்புதல் பெற்றது. மனைவியின் நோயில் அப்படி ஒற்றை இலக்கு இல்லாதிருக்கலாம். மரபணுப் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு மெதுவாக வளரும் வகையான ஃபாலிகுலர் லிம்போமா. தொந்தரவு ஏதுமில்லை என்று சிகிச்சையே தராமல் கண்காணிக்கிறார்கள். நோய் முற்றாத காலத்தை நீட்டிக்கும் புதிய மாத்திரைகள் பற்றிப் படித்தேன். அவற்றைக் கேட்டுப் பெறலாமா?

பதில்: கண்காணிப்பும் ஆய்வில் சோதிக்கப்பட்ட சிகிச்சை முறைதான். அறிகுறியற்ற, மெதுவாக வளரும் லிம்போமா உள்ள 309 பேரில் ஒரு பிரிவுக்கு உடனே கீமோ மாத்திரை தந்து, மறு பிரிவைக் கண்காணிப்பில் மட்டும் வைத்த பிரிட்டன் ஆய்வு 2003-இல் வெளியானது. ஆயுளில் வேறுபாடு இல்லை. கண்காணிப்பில் இருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குப் பத்தாண்டுகள் ஆகியும் கீமோ தேவைப்படவில்லை. 70 வயதைக் கடந்தவர்களில் இது 40 சதவீதம்.

செய்திகளில் வரும் 'நோய் முற்றாத காலம்' என்ற அளவீட்டைக் கவனமாகப் படிக்க வேண்டும். அது நீண்டால் ஆயுளும் நீளும் என்று நாமாக முடிவு செய்துகொள்ளலாகாது. அம்ப்ராலிசிப் என்ற மாத்திரை, கட்டி சுருங்கியதை அடிப்படையாகக் கொண்டு 2021-இல் அமெரிக்காவில் சில லிம்போமாக்களுக்கு விரைவு ஒப்புதல் பெற்றது. அதே மருந்தை வேறொரு ரத்தப் புற்றுநோயில் ஒப்பிட்ட ஆய்வில், அதைப் பெற்றவர்களிடையே இறப்பு கூடுதலாக இருக்கக்கூடும் என்று தெரிந்ததால் 2022-இல் அந்த ஒப்புதல் திரும்பப் பெறப்பட்டது. நோய் கட்டுப்பட்டும் நோயாளி இழக்கப்படலாம் என்பதால்தான், ஒவ்வொரு புதிய மருந்துக்கும் நான் முதலில் ஆயுள் கணக்கைத் தேடுகிறேன். தாயாருக்கு இப்போது மாத்திரை வேண்டாம். காரணமில்லாத காய்ச்சல், இரவில் உடை நனையும் அளவுக்கு வியர்வை, எடைக் குறைவு ஆகியவற்றில் ஏதாவது தோன்றினால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என் தம்பிக்கு 'ஆர்-சாப்' முடிந்து எட்டு மாதங்களில் லிம்போமா திரும்பிவிட்டது. கார்-டி செல் சிகிச்சைக்கான ஆய்வு ஒன்று நடப்பதாகச் சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில்: நோயாளியின் நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்களைப் பிரித்தெடுத்து, புற்றுச் செல்லை அடையாளம் காணும்படி மரபணு மாற்றம் செய்து, பெருக்கி, மீண்டும் உடலில் செலுத்துவதே இச்சிகிச்சை. தம்பியைப் போல ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்களிடமே இது ஒப்பிடப்பட்டிருக்கிறது. ஒரு தயாரிப்பை அன்றைய வழக்கமான மறுசிகிச்சையோடு ஒப்பிட்ட 359 பேர் ஆய்வில், நோய் முற்றாமலும் வேறு சிகிச்சைக்கு மாறாமலும் கழிந்த காலத்தின் இடைநிலை (பாதிப் பேர் தாண்டிய காலம்) 2 மாதங்களிலிருந்து 8.3 மாதங்களாக உயர்ந்தது. பின்னர் வந்த முடிவுகளில் ஆயுளும் கூடியது. ஏறத்தாழ அதே நேரத்தில் மற்றொரு தயாரிப்பைச் சோதித்த ஆய்வு எந்த வேறுபாட்டையும் காணவில்லை. ஆகவே 'கார்-டி' என்று கேட்டவுடன் எல்லாம் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது. செலுத்திய முதல் வாரங்களில் கடும் காய்ச்சல், ரத்த அழுத்தச் சரிவு, மனக்குழப்பம், பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை வரலாம். தீவிர சிகிச்சைப் பிரிவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அரிதாகப் புதிய டி செல் புற்றுநோய் தோன்றக்கூடும் என்று 2024-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை சேர்த்தது. அதனால் வாழ்நாள் முழுவதும் தொடர் கண்காணிப்பு எதிர்பார்க்கப்படுகிறது.

தம்பி தகுதி பெற்றால் சேருவதையே நான் பரிந்துரைப்பேன். செல்களை எடுத்த நாளிலிருந்து திரும்பச் செலுத்தும் நாள் வரை எத்தனை நாட்கள் ஆகும், அந்த இடைவெளியில் நோயைக் கட்டுக்குள் வைக்க எந்தச் சிகிச்சை தரப்படும் என்ற இரண்டையும் ஆய்வுக் குழுவிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். வேகமாக வளரும் லிம்போமாவில் அந்த நாட்கள் நீண்டால், தயாரான செல்கள் வந்து சேரும் முன்பே நோய் முந்திவிடக்கூடும்.