உங்கள் குறிப்பேட்டுக்கு மதிப்பு உண்டு

நண்பருக்கு வணக்கம். கோடையில் ஆற்றில் நீர் அற்றுப்போவதைப் பற்றி உங்கள் தூண்டில் குழு கொடுத்த மனுவுக்குப் பதில் வரவில்லை என்றும், கையில் இருப்பது ஏழு ஆண்டு மீன்பிடிக் குறிப்பேடு மட்டுமே என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தக் குறிப்பேடுதான் உங்கள் பலம்.

காவிரியில் கர்நாடகத்தின் காளிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை தூண்டிலாளர்கள் எழுதிவைத்த பதிவுகளை ஆய்வாளர்கள் அலசியபோது, பிடிபட்ட மாசீர் என்னும் பெரிய ஆற்று மீன்களின் எண்ணிக்கை கூடியிருந்தும், முதுகு திமில்போல உயர்ந்த காவிரிக்கே உரிய மாசீர் அருகிவந்தது தெரிந்தது. பெருகியது வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மாசீர். மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் ஆறு நலமாக இருப்பதாகவே எண்ணியிருப்போம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது. திமில் மாசீர் 2018-இல் மிக அருகிவிட்ட இனமாக, அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களுக்கான உலகச் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

எனவே இனத்தைப் பிரித்து எழுதுங்கள். "காலை ஆறு முதல் பத்து, இரண்டு தூண்டில், மீன் இல்லை, நீர் முழங்காலளவு, கலங்கல்" என்ற வரியும் சான்றுதான். வெறுங்கையோடு திரும்பிய நாள்களை விட்டுவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். நீரளவு குறித்த பக்கங்களை நீர்வளத் துறைக்கும், மீன் குறித்தவற்றை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்கும் தனித்தனியே கொடுங்கள். உங்கள் உள்ளாட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடமும் ஒரு படி கொடுத்து, ஊரின் உயிரினங்களைப் பதிந்துவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்கக் கேளுங்கள்.