நாலே வருஷத்துல பூ விட்ட பேரீச்சை, வெட்டலாமா?

கேள்வி: ஐயா, லயத்த விட்டு சுங்கை சிப்புட் பக்கம் தாமானுக்கு வந்தப்ப, புவாசா (நோன்பு) மாசத்துல வாங்குன பேரீச்சம்பழக் கொட்டைய நட்டேன். மூணு கன்னு வந்துச்சு. நாலு வருஷந்தான் ஆகுது, அதுக்குள்ள ஒன்னு பாளை வெடிச்சு வெள்ளையா பூத்திருக்கு, தட்டுனா மாவு மாதிரி கொட்டுது. வீட்டுக்காரரு ஆண் மரம், வெட்டிடலாம்ங்கிறாரு. பக்கத்து வீட்டு தாத்தா முள்ளப் பாத்தே ஆணா பொண்ணான்னு சொல்லுவாராம். மத்த ரெண்டையும் இப்பவே கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, மொதல்ல அவர பாராங் கத்திய கீழ வைக்கச் சொல்லுங்க. ஆண்தான், அதுல அவரு சொன்னது சரி, ஆனா வெட்டக்கூடாது.

நாலு வருஷங்கிறது சீக்கிரந்தான், அதிசயம் ஒன்னும் இல்ல, சில மரம் எட்டு வருஷம் வரைக்கும் இழுக்கும். நாமெல்லாம் பாமாயில் எடுக்கிற செம்பனையிலயே வளந்தவங்க, அதான் கொழப்பம். செம்பனையில ஒரே மரத்துலயே கொஞ்ச நாளு ஆண் பூ, கொஞ்ச நாளு பெண் குலைன்னு மாறி மாறி வரும். பேரீச்சை ஊர்ப் பனை மாதிரி, ஆண் மரம்னா கடைசி வரைக்கும் ஆண்தான். திருவோத்தூர்ல சம்பந்தர் பாடி ஆண்பனை காய்ச்சுதுன்னு சொல்வாங்க, உங்க வாசலுக்கும் அப்படி யாராச்சும் வந்து பாடுனாத்தான் உண்டு.

தாத்தா சொல்ற முள்ளு, மட்டை அகலம், கொட்டையில இருக்கிற கோடு எதையும் நம்பாதீங்க. லேப்ல டிஎன்ஏ பாத்து சொல்லலாம், வாசல்ல நிக்கிற ரெண்டு மரத்துக்கு அந்த செலவு எதுக்கு? இஸ்ரேல்ல மசாடா கோட்டையில கெடைச்ச ரெண்டாயிரம் வருஷத்துக் கொட்டைய 2005ல மொளைக்க வச்சாங்களே, அதுவே 2011ல பூ விட்டப்பதான் ஆணுன்னு காட்டிக் குடுத்துச்சு.

பெண் பாளை வெடிச்சா உங்களுக்கே தெரிஞ்சிரும். பாசிமணி கோத்த மாதிரி மஞ்சளா உருண்ட உருண்டையா, மணிக்கு மணி எடம் விட்டு நீளமா இருக்கும், தட்டுனாலும் மாவு கொட்டாது. கொட்டையில வந்த கன்னு பாதிக்குப் பாதி, அதனால மிச்சம் ரெண்டுல ஒன்னாச்சும் பொண்ணா இருக்க நாலுக்கு மூணு பங்கு வாய்ப்பு இருக்கு. அப்ப இந்த ஆண் இல்லாட்டி என்ன செய்வீங்க? ஒரு ஆண் மரம் நாப்பது அம்பது பெண் மரத்துக்கே போதும்.

1981ல கேமரூன்லேர்ந்து மகரந்தம் பரப்புற வண்டு கொண்டுவந்து விடுறதுக்கு முன்னாடி செம்பனைக்குத் தோட்டத்து ஆளுங்கதான் கையால மகரந்தம் தூவுனாங்க, உங்க வீட்டுப் பெரியவங்கள கேட்டா தெரியும். அந்த வேலைதான் இங்கயும். பெண் பாளை வெடிச்ச ரெண்டு மூணு நாளுக்குள்ள ஆண் பூச்சரம் ரெண்டு மூணு எடுத்து, தலைகீழா நடுவுல சொருகி லேசா கட்டிடுங்க. அன்னிக்கே மழை அடிச்சிட்டா மறுபடி செய்யணும். தூவலன்னா ஒவ்வொரு பூவுலயும் மூணு மூணா குட்டிக்காய் வரும், கொட்டையும் இருக்காது ருசியும் இருக்காது.

பழுக்க ஆறேழு மாசம் ஆகும். நம்ம பேராக் மழையில கடையில வாங்குற மாதிரி மரத்துலயே காஞ்சு வரும்னு ஆசப்படாதீங்க, வெடிச்சு புளிச்சிரும். குலைக்கு மேல பை கட்டி, காய் நெறம் மாறி நறுக்குன்னு இருக்கும்போதே ஒன்னு கடிச்சுப் பாருங்க, தொவர்ப்பு கொறைஞ்சிருந்தா பறிச்சிடலாம்.

மூணுமே ஆணா போச்சுன்னா மறுபடி கொட்டைய நடாதீங்க, காய்ச்ச பெண் மரத்தோட அடிக்கன்னு கெடைச்சா வாங்குங்க, அது தாயப் போலவே வரும்.