மொன்செராட் தபால்தலைகள்: கேட்டதும் சொன்னதும்

கரீபியக் கடலில், ஆண்டிகுவாவுக்கும் குவாதலூப்புக்கும் நடுவே, சுமார் 100 சதுர கிலோமீட்டரில் ஒரு பிரிட்டிஷ் தீவு மொன்செராட். அதன் தபால்தலைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில்.

முதல் தபால்தலை எப்போது வந்தது?

1876-ல். சொந்தமாக ஒன்றும் வரையவில்லை. ஆண்டிகுவாவின் தபால்தலை மேலேயே கறுப்பு மையில் மொன்செராட் என்று பெயரை அடித்து விற்றார்கள். ஒரு பென்னி சிவப்பு, ஆறு பென்னி பச்சை. இரண்டிலும் விக்டோரியா ராணி. கையில் கிடைத்தால் லென்ஸை வைத்து, ஆங்கிலப் பெயரின் நடுவில் வரும் ‘எஸ்’ எழுத்தைப் பாருங்கள். சிலவற்றில் அச்சுக் கோத்தவர் அதைத் தலைகீழாகச் சொருகிவிட்டார். எஸ் கவிழ்ந்தாலும் எஸ் மாதிரியேதான் தெரியும். அதனால் பலர் கண்ணில் படுவதில்லை. மேல் வளைவு கீழ் வளைவைவிடப் பெருத்திருந்தால் அதுதான்.

1883-ல் ஒரு பென்னித் தலையைக் குறுக்கே வெட்டி அரைப் பென்னியாக ஒட்டியதும் உண்டு. முழு உறையோடு, வெட்டின இடத்தின் மேலேயே தபால் முத்திரை விழுந்து இருந்தால்தான் அதற்கு மதிப்பு. பாதித் தலையைத் தனியாக யாராவது விற்க வந்தால், கத்தரிக்கோல் எங்கள் வீட்டிலும் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

தாத்தாவின் ஆல்பத்தில் நாலு மொன்செராட் தலைகள் இருக்கின்றன. என்ன விலை போகும்?

பார்க்காமல் விலை சொல்ல நான் ஜோசியன் இல்லை. உறையில் ஒட்டியிருந்தால் அப்படியே விடுங்கள். தண்ணீரில் ஊறப்போடாதீர்கள்.

1903 தபால்தலையில் யாழோடு ஒரு பெண் இருக்கிறாளே, யார்?

அயர்லாந்தின் உருவகம். ஒரு கையில் யாழ், இன்னொரு கையில் சிலுவை. தீவின் கொடியிலும் அவள்தான். 17-ம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய வெள்ளையரில் பெரும்பாலோர் ஐரிஷ் கத்தோலிக்கர். இன்றைக்கும் இறங்கியவுடன் பாஸ்போர்ட்டில் அயர்லாந்தின் சின்னமான பச்சை ஷாம்ராக் இலை முத்திரை குத்துகிறார்கள்.

ஐரிஷ்காரர்களும் அங்கே அடிமைகள்தானே? அதனால்தான் அயர்லாந்தின் காவல் புனிதரான செயின்ட் பேட்ரிக்கின் நாளுக்கு அரசு விடுமுறை என்று படித்தேன்.

இரண்டுமே தவறு. வந்த ஐரிஷ்காரர்களில் பலர் ஒப்பந்தக் கூலிகள். படாத பாடு பட்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் முடிந்தால் விடுதலை. அவர்களுடைய பிள்ளைகள் யாருக்கும் சொத்தாகப் பிறக்கவில்லை. சிலர் பிறகு தோட்ட முதலாளிகளாகி, ஆப்பிரிக்கர்களை விலைக்கு வாங்கி வேலை வாங்கினார்கள்.

விடுமுறையின் கதை வேறு. 1768 மார்ச் 17. முதலாளிகள் செயின்ட் பேட்ரிக் விருந்தில் குடித்துக் கிடப்பார்கள், அன்றைக்குக் கிளர்ந்தெழுந்துவிடலாம் என்று அடிமைகள் திட்டம் போட்டார்கள். முன்கூட்டியே விஷயம் வெளியே கசிந்து, ஒன்பது பேரைக் கொன்றார்கள். தீவு அன்று விடுமுறை விடுவது அவர்களுக்காகவும்தான்.

ஆனால் அங்கே கறுப்பினத்தவருக்கே ரைலி, ஃபாரல், ஸ்வீனி என்றெல்லாம் ஐரிஷ் பெயர்கள் இருக்கின்றனவே? உறவு இல்லாமலா?

உறவும் உண்டு, உடைமையும் உண்டு. முதலாளியின் பெயர் அடிமைக்கு ஒட்டிக்கொள்வது கரீபியன் முழுக்க நடந்தது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வம்சாவளி எழுதாதீர்கள். யாழ்ப் பெண் தபால்தலையில் ஏறிவிட்டாள் என்பதற்காக அவள் கதை மட்டும்தான் தீவின் கதை என்று ஆகிவிடாது. இதே வாதத்தோடு இன்னும் மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். மூவருக்கும் இதுவே பதில்.

எரிமலைக்குப் பிறகு தபால் என்னவாயிற்று?

நல்ல கேள்வி. சூஃப்ரியேர் ஹில்ஸ் 1995 ஜூலையில் விழித்தது. தலைநகர் ப்ளைமவுத்தை 1996 ஏப்ரலில் கடைசியாகக் காலி செய்தார்கள். 1997 ஜூன் 25 அன்று பாய்ந்த எரிமலைத் தணல் வெள்ளத்தில் 19 பேர் இறந்தார்கள். ப்ளைமவுத் சாம்பலுக்கடியில் போனது. காகிதத்தில் இன்னும் அதுதான் தலைநகர். தபால், அரசு அலுவலகம் எல்லாம் வடக்கே ப்ரேட்ஸுக்குப் போய்விட்டன. அதனால் ப்ளைமவுத் முத்திரை தெளிவாக விழுந்த சாதாரணக் கடித உறையைக்கூட நான் விடமாட்டேன். ஊறப்போட்டால் தலை மிஞ்சும், ஊர் போய்விடும்.

அங்கே தமிழர்கள் உண்டா?

சொல்லும்படி இல்லை. தெற்கே குவாதலூப்பில் தேடுங்கள். 1854 முதல் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டக் கூலிகள் போனார்கள். அங்கே குடியுரிமைக்குப் போராடிய ஆன்றி சிதம்பரோம் பெயரிலேயே நம் சிதம்பரம் இருக்கிறது.

பக்கத்தில் ரெதோண்டா என்ற பெயரிலும் தபால்தலைகள் இருக்கின்றனவே, வாங்கலாமா?

குடியிருக்க ஆளே இல்லாத பாறை அது. 1979 முதல் அதன் பெயரில் ஆண்டிகுவா அச்சடித்து விற்றது. படம் பிடித்திருந்தால் வாங்குங்கள். விலை ஏறும் என்று வாங்காதீர்கள்.

என்னிடம் ஆறு தலைகள் உள்ளன, விலை…

மேலே பாருங்கள்.

ஐயா, பதில் வருவதற்குள் ஊறப்போட்டுவிட்டேன். இப்போது என்ன செய்ய?

பசை முழுக்கக் கரைந்ததும் எடுத்து, வெள்ளைத் தாளில் கவிழ்த்துக் காயவையுங்கள். அப்புறம் ஒரு ராத்திரி தடிப் புத்தகத்துக்குள். உறையைக் குப்பையில் போட்டிருந்தால், தயவுசெய்து என்னிடம் சொல்ல வேண்டாம்.