வெல்டிங் கறைக்கு மெஷின் வாங்கலாமா?

கேள்வி: ஓட்டல் சமையலறைகளுக்கு சிங்க், மேஜை செய்யும் சிறிய பட்டறை வைத்திருக்கிறோம். 1.2 மி.மீ. 304 ரக எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தகடு, டிக் (ஆர்கான்) வெல்டிங். ஓரத்தில் படியும் நீலக் கறையை பிக்ளிங் பேஸ்ட் (கறையைக் கரைக்கும் அமிலப் பசை) போட்டு எடுக்கிறோம். மின்சாரத்தில் கறை எடுக்கும் மெஷின் வாங்கினால் பேஸ்ட்டை நிறுத்திவிடலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: தாராளமாக நிறுத்தலாம். பேஸ்ட்டில் நைட்ரிக்கோடு ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் இருக்கிறது. தோலில் பட்ட உடனே வலி தெரியாமல் போகலாம். அதற்குள் ஆழமாக இறங்கிவிடும். மெஷின் வரும்வரை, கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் இடத்தில் இல்லாமல் பேஸ்ட் டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.

கறையை வெறும் நிறமாக நினைக்காதீர்கள். சூட்டில் குரோமியம் ஆக்சைடாகி மேலே சேர்ந்துவிடுவதால், அடியில் குரோமியம் குறைந்த மெல்லிய அடுக்கு உண்டாகிறது. துரு தொடங்குவது அங்கேதான். லேசாக பஃபிங் செய்தால் (சக்கரத்தால் தேய்த்து மெருகேற்றினால்) நிறம் போகும், அந்த அடுக்கு தங்கிவிடக்கூடும். மெஷினிலோ பாஸ்பாரிக் அமிலக் கரைசலில் நனைந்த கார்பன் பிரஷ் வழியாக மின்சாரம் பாயும்போது இரண்டும் கரைகின்றன.

வாங்கும்போது அட்டையில் போட்ட அதிகபட்ச ஆம்பியரை நம்பாதீர்கள்; நிற்காமல் ஓடினால் எவ்வளவு தரும் என்று கேளுங்கள். ஏசி, டிசி இரண்டும் இருப்பது நல்லது: கறை எடுக்க ஏசி, மெருகேற்ற டிசி. பிரஷ் தேயும் பொருள். அதன் விலையையும் கரைசலின் விலையையும் விசாரிக்காமல் மெஷின் விலையைப் பேசிப் பயனில்லை. உங்கள் தகட்டில், நீங்கள் போட்ட வெல்டிங்கிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மிரர் ஃபினிஷ் வேலை உண்டென்றால் அதன் துண்டு ஒன்றும் எடுத்துப் போங்கள். பளபளப்பு போய் வெள்ளையாக மங்குகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பிரஷ் எப்போதும் சொட்டச் சொட்ட நனைந்திருக்க வேண்டும். காய்ந்தால் பொறி பறந்து தகட்டில் புள்ளி விழும், பிரஷ் முனையும் கருகும். அழுத்தாமல், மெதுவாக நகர்த்தினால் போதும். முடிந்ததும் ஈரம் காய்வதற்குள் லிட்டருக்கு 50 கிராம் ஆப்பசோடா கலந்த தண்ணீரால் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவிப் புதுத் துணியால் ஒற்றுங்கள். மறுநாள் வெள்ளையாகப் பூத்திருந்தால் குறை மெஷினில் இல்லை. அமிலம் சரியாகக் கழுவப்படவில்லை. வாங்கியவர்கள் சொல்லும் புகார்களில் இதுவும் ஒன்று.

தடித்த கருஞ்செதிலுக்கு இந்த மெஷின் சரிவராது. பைப்பின் உட்புறத்துக்குப் பிரஷ் எட்டாது; வெல்டிங் செய்யும்போதே உள்ளே ஆர்கான் வாயு விட்டுக் கறை படியாமல் பார்த்துக்கொண்டால்தான் உண்டு. இரும்பு அறுத்த கிரைண்டிங் சக்கரத்தை எஸ்.எஸ். மேல் வைத்துவிட்டு, ஒட்டிய இரும்புத் துகள் துருப்பிடித்ததும் மெஷினைக் குறை சொல்வதும் நியாயமில்லை.

காற்றோட்டமான இடம், கையுறை, கண்ணாடி மூன்றும் கட்டாயம். கழுவிய தண்ணீரில் குரோமியமும் நிக்கலும் இருக்கும். சாக்கடையில் விடாமல் தனித் தொட்டியில் சேர்த்து, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். செலவை மிச்சம் பிடிக்க வெல்டிங் செட்டிலேயே பிரஷை மாட்ட நினைக்காதீர்கள்: இந்த வேலைக்கு வேண்டியது 10 முதல் 30 வோல்ட், செட்டில் சுமையில்லாதபோது 60க்கு மேல் நிற்கும். ஈரக் கையோடு அதைத் தொடுவது உயிருக்கே ஆபத்து.